ஆப்பிரிக்கா சீட்டு

ஆப்பிரிக்காவுக்குப் போவது என்று நாங்கள் நாலு பேரும் முடிவெடுத்தது 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி, சனிக்கிழமை ராத்திரி, வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில். தேதி எப்படி இவ்வளவு கரெக்டாக ஞாபகம் இருக்கிறது என்கிறீர்களா? அன்றைக்குத்தான் நமீபியாவில் இருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் தனி விமானத்தில் குவாலியரில் வந்து இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் குனோ காட்டுக்குப் போயின. கடை டி.வி.யில் அதையே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விமானத்தின் மூக்கில் புலி முகம் வேறு வரைந்திருந்தது.

"லேய், அதுக்குப் பாஸ்போர்ட் உண்டுமா, விசா உண்டுமா? ஒரு ரூவா செலவில்லாம ஆப்பிரிக்காவுல இருந்து இங்க வந்துட்டு. நாம இத்தன வருசமா வேல பாத்து என்னத்தக் கிழிச்சோம்?" என்றான் கேஷியர்.

கேஷியர், சர்வேயர், ரெப், நான். பெயர் போட்டால் மூன்று வீட்டில் சண்டை வரும் என்பதால் உத்தியோகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ரெப் என்றால் மெடிக்கல் ரெப். நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன், ஃப்ரீலான்ஸ். ஃப்ரீலான்ஸ் என்றால் ஃப்ரீயாக எழுதிக் கொடுப்பவன் என்று என் மாமனார் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஒன்றிரண்டு பத்திரிகைகளுக்கும் அதே அபிப்பிராயம்தான்.

ஆளுக்கு மாசம் மூவாயிரம். கேஷியர் பொறுப்பில் தனிக் கணக்கு. வரவு செலவு எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று, என் பொறுப்பில். அட்டையில் 'ஆப்பிரிக்கா' என்று எழுதி, சுழி கூடப் போட்டாயிற்று. அன்றைய முதல் பதிவு: பரோட்டா, சால்னா, நாலு ஆம்லெட். செலவுக் கணக்கில்தான் ஆரம்பித்தோம்.

முதலில் திருவனந்தபுரத்தில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் போனோம். ஏ.சி. ரூம், ஏலக்காய் டீ, வழவழ காகிதத்தில் புத்தகம். படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நீச்சல் குளத்தில் கிடக்க, பின்னால் யானை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு ஐந்து லட்சம் என்றார். சர்வேயர் எழுந்து போய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நாங்கள்தான் டீயைக் குடித்து முடித்து மரியாதையாக வந்தோம்.

அப்புறம் ஆறு மாசம் நானாகப் படித்தேன். படித்ததில் தெரிந்தது: ஐந்து லட்சம் என்பது சிங்கத்துக்கு இல்லை, நீச்சல் குளத்துக்கு. சிங்கத்தைச் சாதாரணமான ஆட்களும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 1926-ல் அறிவித்தது. அடுத்த வருஷம் முதன்முதலாகச் சுற்றுலா கார்களை உள்ளே விட்டபோது மொத்தம் வந்தது மூன்றே மூன்று கார். இப்போது வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் சொந்தக் காரையோ வாடகைக் காரையோ தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் விசேஷம். ஜீப்பு கூட வேண்டாம். நம் ஊரில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரு சாதாரண கார் போதும். உள்ளே தார் ரோடு. தார் ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் ரோட்டில் 40, அதுக்கு மேல் போகக் கூடாது. நாகர்கோவில் டிராஃபிக்கில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு அந்த வேகமே அதிகம். வண்டியும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓடுகிறது. இங்கிலீஷில் உள்ள நம் லைசென்ஸ் செல்லும். ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்லி நேரம் போக வேண்டாம்.

அளவைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும். நம் கன்னியாகுமரி மாவட்டம் மொத்தம் 1,672 சதுர கிலோமீட்டர். க்ரூகர் பத்தொன்பதாயிரத்துக்கும் மேல். பதினோரு கன்னியாகுமரி மாவட்டத்தை அடுக்கி வைத்தாலும் மிச்சம் இடம் கிடக்கும். வடக்கே தெற்கே 360 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட இங்கிருந்து திருச்சி. அவ்வளவு இடத்திலும் வேலிக்கு உள்ளே இருப்பது மனிதர்கள்தான். ஸ்குகுஸா, லோயர் சாபி, சட்டாரா, லெட்டாபா என்று ஆங்காங்கே தங்கும் முகாம்கள். சுற்றி வேலி. குடில், கட்டில், சமையலுக்கு அடுப்பு, பக்கத்தில் பலசரக்குக் கடை. சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஜூன், ஜூலையில் ஐந்தரை மணிக்கே பூட்டு. நேரம் தப்பினால் அபராதம். கீழே இறங்கலாம் என்று எழுதிப் போட்ட இடம் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

"அப்பம் ஒண்ணுக்கு?" என்றான் சர்வேயர். நியாயமான கேள்வி. இதற்கென்று ஓய்விடங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகம் என்பதால் காலையில் சுக்குக் காப்பியின் அளவைக் குறைத்துக்கொள்வது என்று நோட்டில் எழுதினேன்.

எப்போது போவது? அங்கே நமக்குத் தலைகீழ். நம் கோடையில் அவர்களுக்குக் குளிர். மே முதல் செப்டம்பர் வரை மழை கிடையாது. புல் காய்ந்து, இலை உதிர்ந்து, மிருகம் நின்றால் மறைவு இருக்காது. காட்டுக் குட்டையெல்லாம் வற்றிவிடுவதால் எல்லாமே ஆற்றங்கரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வந்துதான் தீர வேண்டும். கொசு குறைவு, ஆகவே மலேரியா பயமும் குறைவு. இல்லவே இல்லை என்று இல்லை, டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜூலையில் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதால் முகாமில் இடம் கிடைக்காது. ஆகவே ஆகஸ்ட் முதல் பாதி.

கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் ஆடி மாசம்!

ஐயா, ஆடி மாசத்தைப் போல நாஞ்சில் நாட்டு ஆண்பிள்ளைக்கு ஓய்ந்த மாசம் உண்டா? கல்யாணம் இல்லை, நிச்சயதார்த்தம் இல்லை, பால்காய்ப்பு இல்லை. மொய் எழுத வேண்டாம். எந்த மச்சினனும் வாசலில் வந்து நிற்க மாட்டான். க்ரூகர் பூங்காவை உண்டாக்கியவர்கள் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

வழிக்கு வருவோம். இந்தியாவில் இருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா வழி ஒன்று. எத்தியோப்பியா, கென்யா வழி இன்னொன்று. எத்தியோப்பியா வழி மலிவு என்று ரெப் கண்டுபிடித்து வந்தான். அதில் மஞ்சள் காய்ச்சல் சமாச்சாரம் குறுக்கே வந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பி வரும்போது அந்த வழியைப் பார்த்து நம் ஆட்களும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஆனால் ஒரு தரம் போட்டால் ஆயுசுக்கும் போதும்.

"இதுக்கு எதுக்குலே ஊசி? எங்க சித்தி கீழாநெல்லி அரைச்சுத் தருவா. மூணு நாள், மோருல" என்றான் சர்வேயர். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு என்று மருந்துக் கம்பெனிக்காரனான ரெப் அவனுக்குப் புரிய வைக்க ஒரு ஆஃப்-பாயிலும் இரண்டு டீயும் செலவாயின. அதுவும் நோட்டில் உண்டு.

கடைசியில் திருவனந்தபுரம், வளைகுடா, ஜோகன்னஸ்பர்க் என்று முடிவானது. அங்கிருந்து க்ரூகருக்குக் காரில் நானூறு கிலோமீட்டர் சொச்சம். பூங்காவுக்குள் இருப்பதற்கு வெளிநாட்டுக்காரருக்குத் தலைக்கு, நாளைக்கு, ஐந்நூறு ராண்டுக்கு மேல் கட்டணம். உள்ளூர்க்காரருக்கு அதில் கால்வாசி. "இது அநியாயம்லா?" என்று நான் வீட்டில் பொங்கியபோது, என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பத்மநாபபுரம் அரண்மனையில வெள்ளக்காரனுக்குத் தனி டிக்கெட் இல்லியா? அதுவும் எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்களா கூட்டிட்டுப் போனிய? ஸ்கூல்ல படிக்கும்ப டூர் போனது."

அன்றைக்கு ராத்திரி நான் க்ரூகரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், குடில், கார், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒன்றரை லட்சம் என்று என் கணக்கில் வந்தது. நாலு பேருக்கு ஆறு லட்சம். மாசம் பன்னிரண்டாயிரம் வீதம் ஐம்பது மாசம். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு, தப்பாது.

கணக்கு தப்பவில்லை. ஆட்கள்தான் தப்பினோம். நோட்டைப் புரட்டினால் தெரியும். ஏழாவது மாசம், கேஷியர் பற்று ரூ.40,000: சம்சாரத்துக்குச் சிசேரியன். பதினொன்றாவது மாசம், சர்வேயர் பற்று ரூ.75,000: அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். அடுத்தது அடியேன், ரூ.28,000: லேப்டாப் செத்துப் போனது, பிழைப்பே அதில்தான். எல்லாம் திரும்ப வந்தது, வட்டி இல்லாமல், தவணை தவணையாக. கேஷியரின் மகள் இப்போது ஓடியாடி விளையாடுகிறாள். அவளை நாங்கள் கூப்பிடுவது 'சிங்கக்குட்டி'. ஏன் என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது.

முப்பத்து நாலாவது மாசம் ரெப் வந்து தலையைச் சொறிந்தான். ஆவணியில் கல்யாணம். "மாப்பிள்ளை சிங்கம் பாக்க சீட்டுப் போட்டிருக்காருன்னு பொண்ணு வீட்ல தெரிஞ்சா என்ன நெனைப்பாவ?" தன் பங்கு ஒரு லட்சத்து ரெண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது கண் கலங்கினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாலாவது இடம் காலி. கார், குடில் எல்லாம் நாலு பேர் கணக்கு. மூன்று பேர் என்றால் ஆளுக்குக் கூடுதலாக விழும்.

இந்தச் சமயத்தில்தான் கீரிப்பாறை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன்.

அம்மாவின் அண்ணன். அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் ரப்பர் வெட்டி ஓய்வு பெற்றவர். ரப்பர் வெட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மரத்தையே வெட்டிச் சாய்ப்பது போலத் தோன்றும். இல்லை. பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, பாலைச் சிரட்டையில் வடிய விடுவது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியும் முன்பே போக வேண்டும். நெற்றியில் ஒரு விளக்கு, கையில் கத்தி, ஒரு ஆள் முந்நூறு மரத்துக்கு மேல் சுற்றி வர வேண்டும். தோட்டம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது என்று நாம் சொல்கிறோம். யானைக்கு அந்த எல்லை தெரியாது. விளக்கின் வெளிச்சம் இரண்டு மரம் தூரம்தான் போகும். மூன்றாவது மரத்தடியில் நிற்பது இருட்டா யானையா என்பது அது அசைந்தால்தான் தெரியும். கூட வேலை பார்த்த ஒருவரை அப்படி ஒரு விடிகாலையில் இழந்தார்கள். மாமா அதைப் பற்றிப் பேச மாட்டார். அத்தைதான் ஒரு தரம் சொன்னாள். அன்றைக்கு மாமா ஓடி வந்தபோது ஒரு கால் செருப்பு மட்டும்தான் இருந்ததாம்.

நான் பெருமையாக நோட்டை எடுத்து விரித்தேன். படம் காட்டினேன். க்ரூகரில் இருபதாயிரம் யானைக்கு மேல் உண்டு மாமா, நம்ம ஊரில் கொம்பனுக்கு மட்டும்தானே தந்தம், அங்கே பெரும்பாலும் பெண் யானைக்கும் உண்டு, காது முறம் மாதிரி இருக்கும் என்றெல்லாம் அளந்தேன். மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"யானைக்குக் கிட்ட போனா எறங்கி ஓடலாமா?"

"இறங்கவே கூடாது மாமா. காருக்குள்ள உக்காந்துதான் பாக்கணும்."

"உக்காந்தா? எவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரமும். அதும்பாட்டுக்கு நிக்கும், நாம நம்மபாட்டுக்குப் பாக்கலாம். ரொம்பக் கிட்ட வந்தா மெதுவா பின்னாடி எடுத்துரணும், அவ்வளவுதான்."

கையைக் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மக்கா, முப்பத்திரண்டு வருசம் யானைக்க பக்கத்துல கெடந்தேன். ஆனா யானைய நான் ஒழுங்காப் பாத்தது இல்ல கேட்டியா. சத்தம் கேட்டிருக்கேன். மணம் தெரியும். ஓடும்ப திரும்பிப் பாக்கவா முடியும்? அதுக்குக் கண்ணு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அந்த நாலாவது சீட்டு எவ்வளவு?"

நான் தமாஷ் என்று நினைத்தேன். அத்தை உள்ளே இருந்து, "அந்த மனுசன் ரெண்டு மாசமா இதத்தான் கேக்கணும்னு சொல்லிட்டு இருக்காரு" என்றாள். ஏற்கெனவே அம்மா மூலமாக விஷயம் போயிருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது.

மணிமேடைப் பக்கம் டீக்கடையில் அவசரக் கூட்டம் போட்டோம். கேஷியர் முகம் தொங்கிவிட்டது. "எல, உனக்க மாமா வந்தா நாம சாயங்காலம் பீர் கீர் ஒண்ணும்..." என்று இழுத்தான். சர்வேயருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கவலை, அவனுடையது அல்ல, மாமாவுடையது. எனக்கு உள்ளுக்குள் வேறு கவலை. ஒன்றரை லட்சம், ஒரு ஆயுசு உழைப்பில் மிஞ்சியது. எட்டு நாள் காரில் உட்கார்ந்திருப்பதற்காக அதைக் கரைக்க நான் காரணமாகலாமா? போன இடத்தில் யானை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டால்?

இதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். "பின்னால நின்னாலும் அது எனக்கு முதுகு காட்டுறது மொதல் தடவதானே. இத்தன நாளும் நான்லா காட்டுனேன்" என்றார். பீர் விஷயத்தையும் எப்படியோ தெரிந்துகொண்டு, "நான் பாக்காத சரக்கா? பயலுவள குடிக்கச் சொல்லு. வண்டி ஓட்டுறவன் மட்டும் தொடப்பிடாது" என்று சேர்த்துக்கொண்டார். கேஷியர் அந்த நிமிஷமே கட்சி மாறினான்.

மாமாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு ஒரு புதன்கிழமை கூட்டிப் போனேன். பத்தாவது முடிக்கவில்லை என்றால் வெளிநாட்டு வேலைக்குப் போக முத்திரை விவகாரம் ஒன்று உண்டு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, எல்லாம் நம்பர் போட்டு ஃபைலில் அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். ஃபைல் ஜெயித்தது. கை தோற்றது.

விரல் ரேகை விழவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் கத்தி பிடித்த கை. பாலை உறைய வைக்கிற ஆசிட்டில் நனைந்த கை. அந்தச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழுத்தினால் திரையில் வெறும் சாம்பல் வட்டம்தான் வருகிறது. அந்தப் பெண் பொறுமையாக, "துடைச்சிட்டு வைங்க ஐயா", "கொஞ்சம் அழுத்துங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவுக்கு வியர்த்துவிட்டது. யானைக்குப் பயந்து பார்த்திருக்கிறேன் என்று அத்தை சொல்லுவாள். நான் அவர் பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். "சவம், வேண்டாம்டே, போவோம்" என்று என் காதில் சொன்னார். ஈரத்துணியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மறுபடி வைத்து, ஒவ்வொரு விரலாக, கால் மணி நேரம் போல ஆனது. கடைசியில் அந்தப் பெண் சிரித்து, "போதும் ஐயா, எடுத்துக்கிட்டுது" என்றார். வெளியே வந்து மாமா மூன்று லெமன் சோடா குடித்தார். நோட்டில் எழுத வேண்டாம், என் கணக்கு என்றார்.

எனக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. விசாவுக்கு மூன்று மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேலை பார்க்கும் இடத்தில் இருந்து ஒரு கடிதமும் வேண்டும். கேஷியருக்கும் சர்வேயருக்கும் ஆபீஸ் உண்டு. எனக்கு யார் கொடுப்பது? வருமான வரி ரிட்டர்னைக் காட்டலாம் என்கிறார்கள். அதில் உள்ள வருமானத்தைப் பார்த்தால், ஆள் சிங்கம் பார்க்க வரவில்லை, சிங்கத்துக்கு ஆகாரமாக வருகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முகாம்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாலேயே பதிய வேண்டும். லோயர் சாபியில் ஆற்றைப் பார்த்த குடில் கிடைத்தால் மாமா வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தான் தினமும் ராத்திரி தேடிக்கொண்டிருக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு போவதாகவும் ஒப்புக்கொண்டாயிற்று.

போன வாரம் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஒரு ஏட்டையா கீரிப்பாறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல வெளிநாடு எதுக்கு? மகன் உண்டுமோ அங்க?" என்று கேட்டார்.

"இல்ல சார். யானை பாக்க."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓய், கீரிப்பாறையில இருந்துட்டு யானை பாக்க ஆப்பிரிக்காவா? ராத்திரி கதவத் தொறந்தா இங்கேயே நிக்குமே!"

"நிக்கும் சார்" என்றார் மாமா. "இங்க உள்ளதுக்கு என்னையத் தெரியும். அங்க உள்ளதுக்குத் தெரியாதுல்லா."

ஏட்டையா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். அத்தை கட்டன் காப்பி கொண்டு வந்து வைத்தாள்.